தம்பிக்கு ஒரு நாய் தேடி வில்கமுவ வரை

இந்தப் பக்கத்தில் வழக்கமாக எந்த அருவிக்கு எந்த பஸ்ஸில் போகலாம், எந்தக் கடையில் ரொட்டியைக் கடித்தால் பல் போகும் என்றுதான் எழுதுவேன். இந்த முறை நாங்கள் போனது நாய் பார்க்க. சிரிக்காதீர்கள். பெண் பார்க்கப் போவதைவிட இதற்கு அதிகம் விசாரித்தோம்.

என் தம்பி ரமேஷுக்கு முப்பத்திரண்டு வயது. கண்ணுக்குள் அழுத்தம் கூடுகிற வியாதியால் இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது. மாத்தளை டவுனில் ஒரு மசாலாச் சரக்குக் கடையில் வேலை செய்கிறான். சாதிக்காயைக் கையில் உருட்டியே தரம் பிரித்துவிடுவான். முதலாளிக்கு அவன் இல்லாமல் சரக்கு ஏற்ற முடியாது. வீட்டிலிருந்து கடைக்கு ஒரு கிலோமீற்றர்கூட வராது. ஆனால் நடுவில் திருகோணமலை வீதியைக் கடக்க வேண்டும். காலையில் நான்தான் கொண்டுபோய் விடுகிறேன், மாலையில் நான்தான் கூட்டி வருகிறேன். அந்த நேரத்தைப் பார்த்துத்தான் என் ஃபோட்டோகொப்பிக் கடையைத் திறக்கவோ மூடவோ முடியும்.

போன பெப்ரவரியில் ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னான்: "அக்கா, நான் தனியா வேலைக்குப் போகணும். வெள்ளைப்பிரம்ப எடுத்துக்கிட்டுப் போனா ரோட்ல இருக்கிற அத்தன பேரும் கையப் புடிச்சி இழுக்கிறாங்க. நேத்து ஒருத்தர் நான் கடக்க வேண்டாத ரோட்ட கடக்க வச்சிட்டாரு. ஒரு நாய் கூட வந்தா யாரும் கிட்ட வர மாட்டாங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் விளையாட்டுக்கு இல்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அது வேண்டியிருந்தது. காலையில் ஒரு பிளேன் டீயை ஆறுதலாக உட்கார்ந்து குடிக்க வேண்டும் என்கிற ஆசை எனக்கும் உண்டு. அதைச் சொன்னால் அவன் மனம் நோகும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

பயிற்றிய வழிகாட்டி நாய் எங்கே வாங்கலாம் என்று நாங்கள் விசாரித்த இடத்திலெல்லாம் கையை விரித்தார்கள். கடைசியில் உக்குவெலையில் ஒரு மாஸ்டர் கிடைத்தார். காவல் நாய்களைப் பழக்கி ஓய்வு பெற்றவர். ரமேஷுடன் அரை மணி நேரம் பேசிவிட்டு, "நல்ல நாயாக் கொண்டு வாங்க, எட்டு மாசத்தில பழக்கிப் பார்க்கிறேன்" என்றார். நல்ல நாய் என்றால்? ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்குள் இருக்க வேண்டும். முழங்கால் உயரமாவது வேண்டும். பின்னால் தகரத் தட்டைப் போட்டால் பதறக் கூடாது. முகத்துக்கு நேரே குடை விரித்தால் ஓடக் கூடாது. கருவாட்டைக் கண்டு கயிற்றை இழுக்கக் கூடாது. "சத்தம்தான் முக்கியம். நடு ரோட்ல ஒரு லொறி ஹோர்ன் அடிச்சி நாய் பாய்ஞ்சா தம்பியும் சேர்ந்துதான் பாய்வாரு" என்றார்.

எங்கள் தெரு நாய்கள் பட்டாசு மாதத்தில் கட்டிலுக்கு அடியில் கிடப்பவை. ஆகவே சத்தத்துக்குப் பழகிய ஊராகப் பார்த்துத் தம்புள்ளைக்குப் போவது என்று முடிவெடுத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை விடிய நாலே முக்காலுக்குப் புறப்பட்டோம். நாயோடு பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள் என்பதால் பக்கத்து வீட்டு நவாஸ் நானாவின் (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம்) த்ரீவீல். நாள் முழுக்க, பெட்ரோலோடு பதினைந்தாயிரம். தெரிந்த முகத்துக்கான விலை அது; நீங்கள் கேட்டால் இன்னும் அதிகம் சொல்வார்கள். நானா பின் சீட்டுக்குக் கீழே புது பொலித்தீன் விரித்திருந்தார். ஒரு கேனில் தண்ணீர், ஒரு டப்பாவில் மண்.

"நாய் தொட்டாப் பரவாயில்ல தங்கச்சி, ஈரம் பட்டாத்தான் எங்க மார்க்கத்துல கழுவணும். ஏழு தரம். அதுல ஒரு தரம் மண் போட்டு" என்றார்.

"நானா, வாயத் தொறக்காம வரச் சொல்லிப் பேசி வைக்கிறேன்" என்றான் ரமேஷ்.

"பேசுங்க தம்பி. ஒங்க பேச்சக் கேட்டா அது தூங்கிரும், எனக்கும் வேல மிச்சம்."

மாத்தளையிலிருந்து தம்புள்ளை ஏ9 வீதியில் நாற்பத்தைந்து கிலோமீற்றர் அளவில். ஆறரைக்குப் பொருளாதார நிலையத்தில், அதாவது மொத்த மரக்கறிச் சந்தையில், இருந்தோம். மரக்கறி மூட்டை, லொறி, ஏலச் சத்தம், தலையில் முட்டைக்கோவா மூட்டையோடு "வழி வழி" என்று ஓடுகிறவர்கள். லொறிகளுக்கு அடியில் நாய்கள் செத்தவை போல் தூங்கின. ஆகா, வந்த இடம் சரி என்று நினைத்தேன்.

ஒரு செம்மண் நிற நாயைப் பிடித்தோம். தட்டைப் போட்டேன், அசையவில்லை. குடையை விரித்தேன், கொட்டாவி விட்டது. நவாஸ் நானா ஒரு துணியைக் கையில் சுற்றிக்கொண்டு கயிற்றைப் பிடித்து நடத்திப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து ஒருவன் கருவாட்டுக் கூடையோடு போனான். அவ்வளவுதான். நாயும் போனது, கயிறும் போனது, கயிற்றைப் பிடித்திருந்த நானாவும் பத்து அடி போனார். மொத்த மார்க்கெட்டும் சிரித்தது. ரமேஷ் "என்ன நடந்துச்சு, சொல்லுங்கக்கா, சொல்லுங்க" என்று கையைப் பிடித்து உலுக்குகிறான். எனக்குச் சிரிப்பில் பேச்சு வரவில்லை.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த பூசணி வியாபாரி ஒருவர்தான் கூப்பிட்டார். "இதுங்க எல்லாம் சோம்பேறிங்க, வயித்துக்கு அடிமை. ஒங்களுக்குப் பயமே இல்லாத நாய் வேணும்னா வில்கமுவைக்குப் போங்க. எனக்குப் பூசணி கொண்டு வர்ற சோமே மாமாக்கிட்ட ஒரு கறுப்பன் இருக்கான். யானைய வெரட்டப் போடுற யானை வெடிக்கே காத ஆட்ட மாட்டான்."

கைபேசியில் பேசியும் கொடுத்தார். வரச் சொன்னார்கள்.

நாவுல சந்திக்குத் திரும்பி வந்து, அங்கிருந்து இடது பக்கம் திரும்பி, மொரகஹகந்த நீர்த்தேக்கத்தைத் தாண்டி, லக்கல வழியாகப் போனோம். தம்புள்ளையிலிருந்து மூன்று மணி நேரம் பிடித்தது. வழியில் இரண்டு பஸ்தான் எதிரே வந்தன. பகலிலேயே வீதியில் யானை லத்தி கிடந்தது, ஆவி பறக்க. நவாஸ் நானா அதைப் பார்த்துவிட்டு ஒரு பத்து நிமிடம் வாய்க்குள் ஓதிக்கொண்டே ஓட்டினார்.

சோமே மாமாவுக்கு ஐம்பது வயதிருக்கும். அவர் மனைவி நந்தா அக்கா. வீட்டுக்குப் பின்னால் சேனை, அதாவது காட்டை வெட்டி எரித்துச் செய்த பயிர் நிலம்; சேனைக்கு நடுவே மரத்தின் மேல் காவல் குடில். பேச்சு முழுக்கச் சிங்களத்தில். எங்கள் மூன்று பேருக்கும் அது தாராளமாக வரும். உங்களுக்காகத் தமிழில் தருகிறேன்.

வண்டிச் சத்தம் கேட்டதும் இரண்டு நாய்கள் குரைத்துக்கொண்டு பாய்ந்து வந்தன. கறுப்பன் வாசலில் நல்ல தூக்கம். நான் ரமேஷிடம், "பாருடா, என்ன நிதானம்!" என்றேன். அப்படித்தான் சொன்னேன்.

எழுப்பிக் காட்டினார்கள். அழகன். கரிக்கட்டை நிறம், நெஞ்சில் மட்டும் ஒரு வெள்ளைத் தீற்று. தட்டு, குடை, கருவாடு எல்லாம் பாஸ். கருவாட்டைப் பார்த்தான், உடனே மாமாவின் கையைப் பார்த்தான். மாமா உள்ளங்கையை உயர்த்தினார். உட்கார்ந்துவிட்டான்.

"வாய் திறந்து ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல" என்றார் மாமா பெருமையாக. "ராவுல காவல் இருக்கிற நேரம் நாங்க சத்தம் போடுறதில்ல. யானை எந்தப் பக்கம் நிக்குதுன்னு தெரியாமப் பேசினா நேரா குடிலுக்கு வரும். கையும் டோர்ச்சும்தான் எங்க பேச்சு. நாய்களுக்கும் அதுதான்."

கடைசியாக ஒரு வெடியைக் கொளுத்தி வேலிப் பக்கம் எறிந்தார். யானை வெடி என்றால் தீபாவளிப் பட்டாசு என்று நினைத்துவிடாதீர்கள். நான் காதைப் பொத்திக்கொண்டு குந்திவிட்டேன். மற்ற இரண்டு நாயும் வீட்டுக்குள் ஓடின. நவாஸ் நானா த்ரீவீலுக்குள் ஓடினார். ரமேஷ் வாங்குப் பலகையிலிருந்து தூக்கி வாரிப் போட்டு எழுந்தான். கறுப்பன் வெடிக்கு அசையவே இல்லை. ரமேஷ் பதறியதைக் கண்டுதான் எழுந்து போனான். அவன் முழங்காலில் தலையை வைத்து, முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ரமேஷ் அப்படியே உட்கார்ந்து அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டான். "அக்கா, இவன்தான்" என்றான்.  நான் அழுதுவிட்டேன், வெட்கம் என்ன.

"எப்பிடி மாமா இவ்வளவு தைரியமா வளர்த்தீங்க?" என்று கேட்டேன்.

"குட்டியில நடுங்குவான். மத்ததுங்க ஓடிரும், இவன் ஓடவும் தெரியாம நடுங்குவான். அதனால வெடி போடுற நேரமெல்லாம் மடியில வச்சிக்கிட்டேன். குடில்ல என் மடியிலதான் இருப்பான், பக்கத்திலயே வெடிக்கும். மூணு நாலு மாசத்தில பயம் விட்டுப் போச்சு. இங்க எல்லாரும் அப்பிடித்தான் பழக்குறது."

காசு வாங்க மறுத்துவிட்டார். கண் தெரியாத பிள்ளைக்குக் கொடுப்பது புண்ணியம் என்று நந்தா அக்கா சொன்னார். மேலே இரண்டு பூசணிக்காயும் ஏற்றிவிட்டார். மூன்று மணிக்குப் புறப்பட்டோம்.

வழி முழுக்க ரமேஷ் கறுப்பனோடு பேசிக்கொண்டே வந்தான். வீட்டு வாசலில் மூன்று படி, அப்புறம் வலது பக்கம் மூடியில்லாத வடிகான், பிறகு பேக்கரி, "அங்க நீ நிக்கக் கூடாது, வாசம் வரும், நேரா போகணும், சரியா?" பெரிய வீதியில் எப்படி நிற்பது, கடையில் எங்கே படுப்பது, முதலாளி கத்தினால் கண்டுகொள்ளக் கூடாது. நாய் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. நவாஸ் நானா கண்ணாடியில் பார்த்துவிட்டு, "தங்கச்சி, மனுசன்கூட இப்பிடிக் கேக்க மாட்டான்" என்றார். பார்வை போன பிறகு என் தம்பி இவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை.

இரவு வீட்டில் ரமேஷ் கூப்பிட்டான். கறுப்பன் வரவில்லை. புது இடம், களைப்பு, விடு என்றேன்.

மறுநாள் காலையில் உக்குவெலைக்குப் போனோம். மாஸ்டர் நாயைத் தடவிப் பார்த்து, பல்லைப் பார்த்து, "உடம்பு நல்லா இருக்கு" என்றார். தட்டைப் போட்டார். குடையை விரித்தார். சந்தோஷப்பட்டார். பிறகு என்னை மாமரத்துக்குப் பின்னால் போகச் சொல்லிவிட்டு ரமேஷிடம், "இப்ப நீங்க கூப்பிடுங்க" என்றார்.

"டேய், இங்க வா" என்றான் ரமேஷ்.

நாய் ஒரு எறும்பு வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தது. மறுபடி கூப்பிட்டான். கொஞ்சம் சத்தமாக. பிறகு கை தட்டினான், நாக்கைச் சொடுக்கினான். மாஸ்டரின் முகம் மாறியது எனக்கு மரத்துக்குப் பின்னால் இருந்தே தெரிந்தது. அவர் உள்ளே போய் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக் கொண்டு வந்தார். நாயின் முதுகுக்குப் பின்னால் நின்று, அதன் காதுக்குப் பக்கத்தில் வைத்துக் கரகரவென்று பிரித்தார்.

பிஸ்கட் பாக்கெட் சத்தத்துக்குத் திரும்பாத நாயை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் அன்று பார்த்தேன்.

"இதுக்குக் காது கேக்காது" என்றார் மாஸ்டர். "கொஞ்சம்கூட இல்ல."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "இத முதல்லயே சொல்லியிருக்கலாமே மாஸ்டர், கூப்பிட்டுப் பாருங்கன்னு!" என்று கத்தினேன். அவர் திரும்பக் கத்தவில்லை. "கூப்பிட்டா வர்ற நாயைத்தானம்மா யாரும் கொண்டு வருவாங்கன்னு நினைச்சேன்" என்றார். மனுஷர் மேல் என்ன குற்றம்? அரை நாள் அந்த வீட்டில் இருந்தும் கூப்பிட்டுப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

நான் ஒரு பைத்தியக்காரி, அப்போதும் விடவில்லை. கைச் சைகையில் பழக்கலாமே, ரமேஷ் கை காட்டுவானே என்றேன். மாஸ்டர் பதில் சொல்லுமுன் ரமேஷ் சொன்னான்: "அது என் கையப் பாக்குதா இல்லையான்னு எனக்கு எப்பிடிக்கா தெரியும்? நீங்க பக்கத்துல நின்னு சொல்லணும். அதுக்கு இப்ப இருக்கிறதே போதுமே."

வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றும் கேட்டேன். "காது கேக்காத நாய், மூடியில்லாத கான், பின்னால வர்ற லொறி, அதக் கூப்பிட்டு நிப்பாட்ட முடியாத நான். வேணாம். அதுக்குத் தெரிஞ்ச எடத்துல கொண்டுபோய் விடுவோம்."

அன்றே மறுபடி வில்கமுவ. நவாஸ் நானா பெட்ரோல் காசைத் தவிர வேறு எதையும் தொடவில்லை. ரமேஷ் நாயின் கழுத்தில் கை வைத்தபடி வந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வழி இவ்வளவு நீளம் என்று முதல் நாள் எனக்குத் தெரியவே இல்லை.

சோமே மாமாவிடம் என்ன சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டே போனேன். வீட்டில் இடமில்லை என்று ஏதாவது பொய் சொல்லி விட்டுவிடலாம். அவருக்கு அது தைரியமான நாயாகவே இருந்துவிட்டுப் போகும். ஆனால் அந்த நாயை நம்பித்தானே அவர்கள் குடிலில் கண் மூடுகிறார்கள்? சொல்லாமல் வர முடியுமா?

சொன்னேன். அவர் நம்பவில்லை. பின்னால் போய்க் கை தட்டினார். ஒரு சட்டியைத் தட்டினார். பிறகு வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"நாங்க இவன நம்பித்தான் தூங்கினோம்" என்றார் நந்தா அக்கா மெதுவாக.

மாமா சட்டியைக் கீழே வைத்தார். நாய் அவர் மடியில் ஏறப் பார்த்தது. இவ்வளவு பெரிய நாய், குட்டி மாதிரி. "மடியில வச்சிக்கிட்டு நான்தானே போட்டேன்" என்றார். "பயப்படக் கூடாதுன்னுதான் பக்கத்தில வச்சிக்கிட்டேன்." அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். நான் எதற்காக அந்த வீட்டுக்குப் போனேன் என்று இருந்தது. நாய்க்கு நேற்றுவரை ஒரு மரியாதை இருந்தது, மாமாவுக்கு ஒரு பெருமை இருந்தது, என் தம்பிக்கு ஓர் ஆசை இருந்தது. இரண்டு நாளில் மூன்றையும் வாரிக் கொட்டிவிட்டு வந்தேன்.

நாயை வைத்துக்கொண்டார்கள். இனி சேனைக்கு இல்லை, வீட்டோடு இருக்கட்டும் என்றார் நந்தா அக்கா. புறப்படும்போது அது த்ரீவீலுக்குப் பின்னால் கொஞ்ச தூரம் ஓடி வந்தது. ரமேஷ் "ஓடி வருதாக்கா?" என்று கேட்டான். இல்லை என்று சொன்னேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இதே தேவையோடு தேடுகிறவர்கள் சிலர் எனக்கு எழுதியிருக்கிறீர்கள். தம்புள்ளைக்கு விடிய ஏழு மணிக்கு முன் போய்விடுங்கள், பிறகு வெயிலில் நாய்களைத் தேடியெடுக்க முடியாது. வில்கமுவ, லக்கல பக்கம் பஸ்ஸை நம்ப வேண்டாம். வாகனம் பிடித்துக்கொள்ளுங்கள், தண்ணீரும் சாப்பாடும் கையில் இருக்கட்டும். மாலை நாலு மணிக்குள் அந்தக் காட்டு வழியைத் தாண்டிவிடுங்கள்; யானை உங்களுக்காக ஓரமாக நிற்காது. விசர்நாய் (வெறிநாய்)த் தடுப்பூசி போட்டார்களா என்று கேளுங்கள். நாங்கள் போய்வந்தது ஒரு தடவைக்கு இருநூறு கிலோமீற்றருக்கு மேல், முதுகு வலி தனி. தட்டு, குடை, கருவாடு எல்லாவற்றுக்கும் முன்னால், முதுகுக்குப் பின்னால் நின்று மெதுவாக ஒரு தரம் கூப்பிட்டுப் பாருங்கள். யானை வெடி போடுகிற ஊர் என்றால் இரண்டு தரம் கூப்பிடுங்கள்.

இன்னொன்று. பரீட்சையெல்லாம் முடியும் வரை கண் தெரியாத ஆளை நாய்க்குப் பெயர் வைக்க விடாதீர்கள். இதை நான் எங்கும் சொல்லவில்லை. முதல் நாள் திரும்பி வரும்போது நாவுலயில் பிளேன் டீ குடிக்க இறங்கினோம். நானும் நவாஸ் நானாவும் கடையில் நிற்க, ரமேஷ் வண்டிக்குள் குனிந்து நாயின் காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். எங்களில் குழந்தைக்குப் பெயர் வைக்கும்போது காதில் மூன்று தரம் சொல்வோம், அப்படி. என்ன பெயருடா என்று கேட்டதற்கு, "முதல்ல அவனுக்குத் தெரியட்டும், வீட்டுக்குப் போய் ஒங்களுக்குச் சொல்றேன்" என்றான்.

வீட்டில் சொல்லவில்லை, அதற்கு நேரமும் இருக்கவில்லை. போன வாரம் அவனைக் கடைக்குக் கூட்டிப்போகும்போது மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன்.

"விடுங்கக்கா" என்றான். "கேக்க வேண்டியவனுக்கே கேக்கல."